ஐயம் போற்றிய அறிஞர்

நுழையும்முன்

எடை மிகுந்த பொருள் விரைந்து விழுமா? உந்துவதை நிறுத்தினால் ஓடும் பொருள் ஏன் நின்றுவிடுகிறது? புவி சுழல்கிறது எனில், அதன்மேல் வாழும் நாம் அதனை உணராதது ஏன்? இயற்பியல் கற்கத் தொடங்குவோர் உள்ளத்தில் எழும் வினாக்கள் இவை. ‘இதையும் கேட்பதா?’ என நாணிப் பலர் வாய்திறப்பதில்லை. இவ்வினாக்களை வாழ்நாள் முழுவதும் சுமந்து, அவற்றின் விடைக்காகத் தம் உரிமையையும் இழந்த ஒருவரின் வரலாறு இது.

இளமை

இத்தாலியின் பைசா நகரில் 1564 பிப்ரவரி 15ஆம் நாள் கலிலியோ கலிலி பிறந்தார். அவருடைய தந்தை வின்சென்சோ இசைக்கலைஞர்; நரம்புகளில் எடைகளைத் தொங்கவிட்டு ஒலியின் இயல்பை ஆராய்ந்தவர். பழநூல் கூறுவதை ஆராய்ந்தே ஏற்கும் பண்பு மகனுக்கும் வாய்த்தது. மருத்துவம் பயில 1581இல் பைசா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கலிலியோவின் உள்ளம் கணிதத்தை நாடியது. பட்டம் பெறாமலே வெளியேறிய அவர், 1589இல் அங்கேயே கணிதப் பேராசிரியரானார். 1592 முதல் 18 ஆண்டுகள் பதுவா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

விழும் பொருள்

எடை மிகுந்த பொருளே விரைந்து விழும் என்றார் அரிஸ்டாட்டில். அக்கருத்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கியது. கலிலியோ சிந்தித்தார். பெருங்கல்லையும் சிறுகல்லையும் சேர்த்துக் கட்டினால் என்னாகும்? மெல்ல விழும் சிறுகல், பெருங்கல்லின் விரைவைக் குறைக்கவேண்டும். ஆனால், இரண்டும் சேர்ந்து எடை மிகுவதால் முன்னிலும் விரைந்து விழவும் வேண்டும். ஒரே கருத்து முரணான இரு விடைகளைத் தருகிறது எனில், அக்கருத்தே பிழையாகும். இறகு மெல்ல இறங்குவது காற்றின் தடையால்தான் எனத் தெளிந்தார்.

செங்குத்தாக விழும் பொருளைக் கண்ணால் பின்தொடர்வது அரிது. நொடியைத் துல்லியமாக அளக்கும் கடிகாரமும் அன்று இல்லை. எனவே, வீழ்ச்சியை மெதுவாக்க வழிகண்டார். நீண்ட மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் அமைத்து, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலப் பந்தை உருட்டினார். பந்து உருளும் நேரத்தில் மெல்லிய குழாய்வழி ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தை அளந்தார். காலம் இருமடங்கானால் தொலைவு நான்கு மடங்கானது. காலம் மும்மடங்கானால் தொலைவு ஒன்பது மடங்கானது.

இதற்குக் காரணம் தேடுகையில் அவரும் தடுமாறினார். விழும் பொருளின் வேகம் கடந்த தொலைவுக்கு ஏற்ப வளர்கிறது என 1604இல் எண்ணினார். பின்னர், கழிந்த காலத்திற்கு ஏற்பவே வளர்கிறது எனத் தம்மைத் திருத்திக்கொண்டார்.

ஓடும் பொருளும் சுழலும் புவியும்

சாய்தளத்தில் இறங்கிய பந்து எதிர்ச்சாய்தளத்தில் ஏறத்தாழத் தொடங்கிய உயரம்வரை ஏறும். எதிர்ச்சாய்வு குறையக் குறையப் பந்து நெடுந்தொலைவு ஓடும். சாய்வும் தடையும் முற்றிலும் இல்லையெனில் அது நிற்கவேண்டியதே இல்லை. ஓடும் பொருளை நிறுத்துவது உராய்வே என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது.

1610இல் தொலைநோக்கி வழியே வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். விண்பொருள்கள் அனைத்தும் புவியையே சுற்றவில்லை என்பது உறுதியாயிற்று. புவி இயங்கினால் நாம் ஏன் உணரவில்லை என்ற வினாவிற்கு, 1632இல் வெளியிட்ட உரையாடல் நூலில் விடையளித்தார். சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறையில் சொட்டும் நீர் நேர்கீழாகவே விழும். வண்ணத்துப்பூச்சிகள் எத்திசையிலும் இயல்பாகப் பறக்கும். அறையும் நீரும் பூச்சியும் நாமும் ஒரே இயக்கத்தில் பங்குகொள்வதால் கப்பலின் ஓட்டம் தோன்றுவதில்லை. பொதுமக்களும் படிக்குமாறு, இலத்தீனை விடுத்து இத்தாலிய மொழியில் அந்நூலை எழுதினார்.

தண்டனையும் தளராமையும்

நூல் சமய மன்றத்தின் சினத்திற்கு உள்ளாயிற்று. 1633இல், 69 வயது முதியவர் உரோமில் மண்டியிட்டுத் தம் கொள்கையைக் கைவிடுவதாகக் கூறவேண்டியதாயிற்று. நூல் தடைசெய்யப்பட்டது. எஞ்சிய வாழ்நாள் வீட்டுக்காவலில் கழிந்தது. மறு ஆண்டே அன்பு மகளை இழந்தார். பின்னர்க் கண்பார்வையும் மறைந்தது. ஆயினும், இளமையில் தம்மை ஈர்த்த வினாவிற்கே திரும்பினார். இயக்கம் பற்றிய அவருடைய இறுதி நூல் 1638இல் ஆலந்தின் லெய்டன் நகரில் அச்சேறியது. 1642 சனவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார்.

1971இல் காற்றில்லாத நிலவில் நின்ற விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், சுத்தியலையும் இறகையும் ஒருசேர விழவிட்டார். இரண்டும் ஒரே கணத்தில் தரையைத் தொட்டன.

அறிஞர்களை ஈராயிரம் ஆண்டுகள் மயங்கவைத்த வினாவில் மாணவர் ஒருவர் ஒருநாள் மயங்குவதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. கேளாமல் விடுவதே இழப்பு.