இசைத்தட்டுக் கடையிலிருந்து வந்த ஏவி.எம்.

ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வடபழனி ஸ்டுடியோ வாசலில் சுழன்ற உலக உருண்டை. ஆனால் அவர் சினிமாவுக்கு வந்தது பாட்டின் வழியாக. அந்தக் கதையில் நம் காஞ்சிபுரத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்றார்கள். மகன் விற்பதோடு நிற்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆரம்பித்து, ஜெர்மனியில் பிறந்த ஓடியன் கம்பெனியின் பெயரில் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டார். அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான். கச்சேரியில் அரை மணி நேரம் விரிவாகப் பாடும் வித்வானை அதற்குள் அடக்க வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது, யார் குரல் எடுபடும் என்று பார்ப்பதுதான் தட்டுத் தயாரிப்பாளரின் வேலை. பீட்டில்ஸ் குழுவுக்கு இதைச் செய்த ஜார்ஜ் மார்ட்டினை உலகமே கொண்டாடுகிறது. நம் பக்கம் அப்படி யாரையும் கொண்டாடியதாகத் தெரியவில்லை.

1935இல் எடுத்த முதல் படங்கள் கையைக் கடித்தன. ஆனால் காது கை கொடுத்தது. 1938இல் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்தார். தமிழில் பின்னணிப் பாடலுக்கு அது ஆரம்பம். 1945இல் 'ஸ்ரீவள்ளி' வெளியான பிறகும் கதாநாயகியின் பாட்டு திருப்தி தராததால், பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்துப் படத்தில் சேர்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் இப்படிக் கை வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்துத்தான் பாரதியார் விஷயம். பாரதி பாடல்களின் இசைத்தட்டு உரிமை ஒரு வியாபார நிறுவனத்திடம் இருந்தது. செட்டியார் அதை விலைக்கு வாங்கினார். 1947 பொங்கலுக்கு வந்த 'நாம் இருவர்' படத்தில் 'சுதந்திரப் பள்ளு' ஒலித்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது! பாடியவர் டி.கே.பட்டம்மாள், 1919இல் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பெயரின் முன்னால் நிற்கும் 'டி' பக்கத்தில் உள்ள தாமல் கிராமம். பக்தி, தேசபக்திப் பாட்டு என்றால் மட்டுமே சினிமாவுக்குப் பாடச் சம்மதிப்பவர். அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்ததில் பழைய தட்டுக் கடைக்காரர் தெரிகிறார்.

பாட்டு ஊரெல்லாம் பரவியது. உரிமை மட்டும் ஒருவர் கையில். டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது செட்டியார் தரப்பு சட்ட நடவடிக்கையில் இறங்கியது. பாரதியை ஒருவர் சொந்தம் கொண்டாடுவதா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கேட்பதில் சட்டப்படி தவறில்லை. ஆனால் பாரதி குடும்பம் பட்ட கஷ்டத்தை அறிந்தவர்களுக்கு அது எப்படி ஜீரணமாகும்? 1949இல் சென்னை அரசு பாரதி படைப்புகளைப் பொதுவாக்க முன்வந்தபோது, செட்டியார் தன் உரிமையைப் பணம் எதுவும் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். எதிர்ப்பின் நெருக்கடியும் காரணமாக இருந்திருக்கலாம். இருந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சொத்தைக் கணக்கில் பூஜ்யமாக்குவது லேசான காரியமல்ல என்பது பேங்கில் லெட்ஜர் எழுதியவனுக்குத் தெரியும்.

இன்று ஆகஸ்ட் 15 அன்று நம் பிள்ளைகள் கொடிக்கம்பத்தடியில் பாரதி பாட்டுப் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அதன் பிறகு 'வாழ்க்கை', 'பராசக்தி' என்று படங்கள் தொடர்ந்தன. 1979 ஆகஸ்டில் அவர் காலமானார்.