கண்ணீரில் இருக்கும் காவலாளி

அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்றதும் பென்சிலின்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அதற்கு 7 வருடம் முன்பே அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அது நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது.

1881இல் ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் ஒரு கப்பல் கம்பெனியில் 4 வருடம் குமாஸ்தாவாக இருந்தார். (ஆயுள் முழுக்க பேங்கில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்!) உறவினர் விட்டுச்சென்ற சிறிய தொகை கைக்கு வந்ததும் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்து டாக்டருக்குப் படித்தார்.

முதல் உலகப் போரில் பிரான்ஸுக்கு அனுப்பப்பட்டார். ஆழமான காயங்களில் ஊற்றிய கிருமிநாசினி, உள்ளே பதுங்கிய கிருமிகளை விட்டுவிட்டு, காப்பாற்ற வந்த வெள்ளை அணுக்களைக் கொல்வதை அங்கே கண்டார். எடுத்துச் சொன்னார், கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

1921இல் அவருக்கு ஜலதோஷம். தன் மூக்குச் சளியையே எடுத்து, கிருமி வளர்க்கும் தட்டில் வைத்துப் பார்த்தார். சளிக்குப் பக்கத்தில் இருந்த கிருமிகள் கரைந்துபோயிருந்தன. கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் அதே சக்தி இருந்தது. கண்ணீர் நிறையத் தேவைப்பட்டதால் தன் கண்ணிலும் நண்பர்கள் கண்ணிலும் எலுமிச்சைச் சாறு விட்டுச் சேகரித்தார். பாவம், நண்பர்கள்!

அந்தப் புரதத்தின் பெயர் லைசோசைம். கிருமியைச் சுற்றி, சர்க்கரைச் சங்கிலிகளால் பின்னிய வலை போன்ற சுவர் உண்டு. லைசோசைம் அந்தச் சங்கிலிகளை வெட்டிவிடும். சுவர் பலமிழந்ததும் தண்ணீர் உள்ளே புகுந்து, கிருமி ஊதி வெடித்துவிடும். நாம் கண் சிமிட்டும்போதெல்லாம் இந்தக் காவல் நடக்கிறது.

ஆனால் கொடிய நோய்க்கிருமிகள் பலவற்றிடம் இது அவ்வளவாகப் பலிக்கவில்லை. அதனால் மற்ற டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. இதிடம் தோற்காத கிருமிகள்தானே நமக்கு நோயே கொடுக்கின்றன என்பது ஃபிளெமிங்கின் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

1928இல் பூஞ்சையைச் சுற்றிக் கிருமிகள் கரைந்திருந்ததைப் பார்த்தபோது, பழகிய கண் உடனே பிடித்துக்கொண்டது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் அதை மருந்தாக்கிய ஃபுளோரியும் செயினும்கூட லைசோசைம் ஆராய்ச்சி வழியாகத்தான் பென்சிலினுக்கு வந்தார்கள். 1945இல் மூவருக்கும் நோபல் பரிசு. அந்த மேடையிலேயே, அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார் ஃபிளெமிங். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுகிற நாம் இன்னும் அதைக் காதில் வாங்கவில்லை.

1955இல் காலமானார். பத்து வருடம் கழித்து, எக்ஸ்ரே மூலம் அணு அணுவாக உருவம் தெரிந்த முதல் நொதி என்ற பெருமை லைசோசைமுக்கே கிடைத்தது. அதற்கு எடுத்துக்கொண்டது கோழிமுட்டை வெள்ளைக்கரு.