யார் இந்த லாகார்டியா? கஞ்சா பற்றி 1939-லேயே ஆய்வு நடத்தச் சொன்ன நியூயார்க் மேயர்!

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இன்று 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் பெற்ற கடைக்குப் போய் கஞ்சா வாங்கலாம். கூடவே 13 சதவீத வரியும் கட்டணும். இது 2021-ல் வந்த சட்டம். ஆனா, கஞ்சாவால் உண்மையில் என்ன பாதிப்பு என்ற கேள்வியை 80 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் ஃபியோரெல்லோ லாகார்டியா. ஆமாம், நியூயார்க் விமான நிலையத்துக்கு வைத்திருப்பது இவர் பெயரைத்தான்.

மொழிபெயர்ப்பாளர் டூ மேயர்

1882-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா இத்தாலியர், அம்மா யூதர். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய வெளிநாட்டவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துக்கிட்டே, இரவில் சட்டம் படித்தார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார்.

மதுவிலக்கு தந்த பாடம்

1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. விளைவு? கள்ளச்சாராயமும் ரவுடி கும்பல்களும் பெருகின. இந்தச் சட்டம் எடுபடாதுன்னு காட்ட, 1926-ல் கடையில் கிடைக்கும் பொருட்களைக் கலந்து எல்லோர் முன்னாலும் பீர் தயாரித்தார் லாகார்டியா. யாரும் அவரைக் கைது செய்யவில்லை. 1933-ல் மதுவிலக்கு முடிவுக்கு வந்தது. 1934-ல் இவர் மேயரானார்.

வரி என்ற பெயரில் தடை

கஞ்சா புகைத்தால் கொலைகாரனாகிடுவான், பைத்தியமாகிடுவான் என்று பிரசாரம் செய்தார் மத்திய போதைத் தடுப்புப் பிரிவின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர். 1937-ல் வரிச் சட்டம் வந்தது. பதிவு செய்யாத ஒருவர் கைக்கு கஞ்சா போனால், அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 28 கிராமுக்கு, 100 டாலர் வரி! வசூல் நோக்கமல்ல, யாரும் தொடக்கூடாது என்பதே நோக்கம்.

அறிக்கை என்ன சொன்னது?

லாகார்டியா பிரசாரத்தை அப்படியே நம்பலை. நியூயார்க் மருத்துவ அகாடமியிடம் கேட்டு, 1939-ல் குழு அமைத்தார். மருத்துவர்கள் சோதித்தார்கள். போலீசார் மாறுவேடத்தில் தெருத்தெருவாக விசாரித்தார்கள். அறிக்கை 1944-ல் வெளியானது. பெரிய குற்றங்களுக்குக் கஞ்சா காரணமல்ல, ஹெராயின் போன்ற போதைக்கு அது இழுத்துச் செல்வதாகவும் தெரியவில்லை என்றது. அதேநேரம், சிலருக்கு மனக்குழப்பம் வரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

லாகார்டியா கஞ்சாவை ஆதரித்தவர் அல்ல. சட்டம் மாறும்வரை தடை தொடரும் என்றே சொன்னார். ஆனாலும் ஆன்ஸ்லிங்கர் அறிக்கையைக் கடுமையாகத் தாக்கினார். அது அப்படியே ஓரங்கட்டப்பட்டது. 1947-ல் புற்றுநோயால் இறந்தார் லாகார்டியா.

இப்போது என்ன நிலை?

நியூயார்க்கில் 2022 டிசம்பரில் முதல் சட்டபூர்வ கடை திறந்தது. நிர்வாகச் செலவு போக மீதமுள்ள வரியில் 40 சதவீதம் கல்விக்கு, 40 சதவீதம் தடையால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு, 20 சதவீதம் போதை சிகிச்சைக்கும் விழிப்புணர்வுக்கும் என்கிறது சட்டம். 1937-ல் தடுக்கப் பயன்பட்ட அதே வரி, இப்போது கட்டுப்படுத்தப் பயன்படுகிறது. அறிக்கை வெளியானதற்கும் சட்டம் மாறியதற்கும் இடையே ஓடிப்போனது 77 ஆண்டுகள்.