விலை கொடுத்த பேனா: மௌலானா முஹம்மத் அலி ஜௌஹர்

உண்மையை எழுதுவது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். எழுதிய பின் அதற்குரிய விலையைக் கொடுப்பதே கடினம். அந்த விலையை ஒரு தடவை அல்ல, வாழ்நாள் முழுவதும் கொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் இந்திய வரலாற்றில் இருந்தார். அவர் தம் பத்திரிகையையும் பதவியையும் இழந்தார், சிறை சென்றார், இறுதியில் பிறந்த மண்ணில் ஆறடி நிலம் கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவரே மௌலானா முஹம்மத் அலி ஜௌஹர்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள ராம்பூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி அவர் பிறந்தார். இரண்டு வயதை எட்டும் காலத்திலேயே தந்தை அப்துல் அலி கான் கொலரா நோயால் காலமானார். இளம் வயதிலேயே கைம்பெண்ணான தாயார் ஆபாதி பானு பேகத்தின் கையில் பிள்ளைகளின் எதிர்காலம் விடப்பட்டது. பிற்காலத்தில் இந்தியா முழுவதும் பீ அம்மா என்று அன்போடு அழைத்தது இவரைத்தான்.

பீ அம்மா முறையான பாடசாலைக் கல்வி பெற்றவர் அல்லர். ஆனால் தம் பிள்ளைகள் காலத்துக்கு ஏற்ற கல்வியைப் பெற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஆங்கிலக் கல்வி மார்க்கத்தைக் கெடுத்துவிடும் என்று முஸ்லிம்கள் பலர் அஞ்சிய காலம் அது. குடும்பச் சொத்தைப் பராமரித்து வந்த மைத்துனரும் அதே அச்சத்தால் பணம் தர மறுத்தார். பீ அம்மா வாதிடவில்லை. தம் நகைகளைப் பணிப்பெண் மூலம் இரகசியமாக அனுப்பி, அயலில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒருவரிடம் அடகு வைத்தார். அந்தப் பணத்தில் பிள்ளைகள் பரேலிப் பாடசாலைக்குச் சென்றனர். அங்கிருந்து அலிகார் கல்லூரிக்கு அவர்களுக்கு வழி திறந்தது. முஹம்மத் அலி 1896இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பட்டப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். மூத்த சகோதரர் ஷௌகத் அலி தம் உத்தியோகச் சம்பளத்தையும் திரட்டிய பணத்தையும் செலவிட்டு, 1898இல் தம்பியை இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டுக்கு அனுப்பி வைத்தார்.

ஒக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரியில் முஹம்மத் அலி வரலாறு கற்றுச் சிறப்புப் பட்டம் பெற்றார். குடும்பத்தார் பெரிதும் எதிர்பார்த்த இந்திய சிவில் சேவைப் பரீட்சையிலோ தோல்வியடைந்தார். அன்று அதில் சித்தியடைந்திருந்தால் ஆட்சியாளரின் நாற்காலி ஒன்றில் அமர்ந்து, ஓய்வூதியத்துடன் வாழ்வை முடித்திருப்பார். தோல்வியின் பின் நாடு திரும்பியவர், முதலில் ராம்பூரில் கல்வி அதிகாரியாகவும் பின்னர் பரோடா சமஸ்தானத்தில் உயர் அதிகாரியாகவும் பணியாற்றினார். நல்ல சம்பளமும் மதிப்பும் இருந்த பதவி அது. எனினும் நாட்டில் நடப்பவற்றைப் பார்த்துக் கொண்டு கோப்புகளுக்குள் முகம் புதைத்திருக்க அவரால் முடியவில்லை. பதவியை விட்டுப் பேனாவைக் கையில் எடுத்தார்.

1911ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, அப்போது இந்தியாவின் தலைநகராக இருந்த கல்கத்தாவில் கொம்ரேட் என்ற ஆங்கில வார இதழை ஆரம்பித்தார். அந்தப் பெயருக்குத் தோழன் என்பது பொருள். எல்லோருக்கும் தோழனாக இருப்பதும் எந்தக் கட்சிக்கும் அடிமையாகாமல் இருப்பதுமே இதழின் கொள்கை என்று அறிவித்தார். அழகிய அச்சும், கூர்மையான கிண்டலும், ஆங்கிலேயரே வியக்கும் மொழிநடையும் அதற்குப் புகழ் சேர்த்தன. அது யாரை விமர்சித்ததோ அந்த அதிகாரிகளே வாரந்தோறும் அதைத் தேடி வாசித்தனர். தலைநகர் டில்லிக்கு மாற்றப்பட்டபோது 1912இல் கொம்ரேட்டும் டில்லிக்கு இடம் பெயர்ந்தது.

ஆங்கிலம் அறிந்தவர்களுக்கு மட்டும் எழுதினால் போதாது என்பதையும் அவர் விரைவில் உணர்ந்தார். ஆட்சியாளருக்குச் சொல்ல வேண்டியதை ஆட்சியாளரின் மொழியில் சொல்லலாம். ஆனால் கடைத்தெருவில் இருப்பவருக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் அவர்களது மொழியில்தானே சொல்ல வேண்டும்? ஆகவே 1913இல் ஹம்தர்த் என்ற உருதுத் தினசரியைத் தொடங்கினார். தாய்மொழிப் பத்திரிகையின் வலிமையை அறிந்த ஒருவரின் செயல் இது.

அக்காலப் பத்திரிகைகளின் கழுத்தில் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டமே அது. அச்சக உரிமையாளரும் வெளியீட்டாளரும் அரசாங்கத்திடம் பிணைப்பணம் கட்ட வேண்டும். எழுதப்பட்டது அரசாங்கத்துக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் பணம் பறிபோகும். மீண்டும் அச்சிட வேண்டுமானால் இன்னும் பெருந்தொகை கட்ட வேண்டும். அதுவும் பறிபோனால் அச்சகமே பறிமுதலாகும். எழுதியவரைச் சிறையில் தள்ளாமலே அவரது வாயை மூடிவிடும் ஏற்பாடு இது.

இந்தக் கயிற்றின் இறுக்கத்தை முஹம்மத் அலி 1913இலேயே அனுபவித்தார். பால்கன் போரில் முஸ்லிம்களுக்கு நேர்ந்த கொடுமைகளை எடுத்துக் கூறும் துண்டுப் பிரசுரம் ஒன்று துருக்கியில் இருந்து அவருக்கு வந்திருந்தது. அரசாங்கம் அதைப் பறிமுதல் செய்தது. அவர் அஞ்சி ஒதுங்கவில்லை, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. ஆயினும் அந்தச் சட்டம் எவ்வளவு அகலமான வலை என்பதைப் பிரதம நீதியரசரே தம் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார். தோற்ற வழக்கு ஒன்று, சட்டத்தின் உண்மை முகத்தை நாட்டுக்குக் காட்டியது.

அதே ஆண்டு கான்பூரில் வீதி அமைப்பதற்காகப் பள்ளிவாசலின் வுழூச் செய்யும் பகுதி இடிக்கப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்த மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் பல உயிர்கள் பறிபோயின. முஹம்மத் அலி எழுதியதுடன் நிற்காமல், முறைப்பாட்டைச் சுமந்து கொண்டு லண்டனுக்கே பயணமானார்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. துருக்கி என்ன செய்ய வேண்டும் என்று லண்டன் டைம்ஸ் பத்திரிகை கட்டுரை எழுதியது. அதற்குப் பதிலாக முஹம்மத் அலி அதே தலைப்பில், துருக்கியரின் தெரிவு என்ற நீண்ட கட்டுரையை செப்டெம்பர் 26ஆம் திகதி கொம்ரேட்டில் வெளியிட்டார். துருக்கிக்கு பிரித்தானியா இழைத்த அநீதிகளை அதில் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். சில வாரங்களில் துருக்கி ஜேர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. கொம்ரேட்டின் பிணைப்பணம் பறிமுதல் செய்யப்பட்டது. இதழ் நின்று போனது. நான்கு ஆண்டுகள் கூட நிறைவடையாத அந்த இதழின் பெயர் இன்றும் பேசப்படுகிறது.

1915 மே மாதம் அலி சகோதரர்கள் இருவரும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். பல இடங்களுக்கு மாற்றப்பட்டு, நீண்ட காலம் சிந்த்வாரா என்ற சிற்றூரில் வைக்கப்பட்டனர். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. உத்தரவாதப் பத்திரம் ஒன்றில் ஒப்பமிட்டால் விடுதலை என்று அரசாங்கம் கூறியது. மார்க்கக் கடமைக்கு முரணாகாத அளவுக்கே எந்த வாக்குறுதியும் செல்லும் என்று சகோதரர்கள் உறுதியாக நின்றனர். அங்கே உடனிருந்த பீ அம்மா, மகன்கள் கொள்கையை விற்று விடுதலை வாங்குவதைத் தாம் ஒருபோதும் பொறுக்க மாட்டார் என்பதை வந்த அதிகாரிக்குத் தெளிவாக உணர்த்தினார். விடுதலை கிடைக்கவில்லை. 1917இல் முஸ்லிம் லீக் தன் மாநாட்டுத் தலைவராக முஹம்மத் அலியைத் தெரிவு செய்தது. அவர் வர முடியாததால் தலைவரின் நாற்காலியில் அவரது உருவப்படம் வைக்கப்பட்டது. பீ அம்மா பர்தாவுடன் அந்தச் சபையில் உரையாற்றினார். முஸ்லிம் பெண் ஒருவர் அத்தகைய அரசியல் மேடையில் பேசுவது அன்று எவரும் எதிர்பாராத நிகழ்வு.

இந்தக் காவலின் தனிமையில்தான் முஹம்மத் அலி அல்குர்ஆனை ஆழமாகப் படிக்கத் தொடங்கினார். ஒக்ஸ்போர்டில் வரலாறு கற்ற மனிதர் மௌலானாவாக மாறியது இங்கேதான் எனலாம்.

1919 டிசம்பரில் விடுதலையான அவர் ஓய்வெடுக்கவில்லை. கிலாபத் இயக்கத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி 1920இல் ஐரோப்பா சென்று பிரித்தானியப் பிரதமர் லோயிட் ஜோர்ஜைச் சந்தித்தார். வெறுங்கையுடனே திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், அரச உதவியை ஏற்காத ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா அலிகாரில் உருவானபோது அதன் முதல் துணைவேந்தரானார். தம்மை வளர்த்த கல்லூரியுடனேயே அதற்காக முரண்பட நேர்ந்தது. காந்தியடிகளுடன் இணைந்து ஊர் ஊராகச் சென்றார். 1921 செப்டெம்பரில் காந்தியடிகளுடன் சென்னை நோக்கி ரயிலில் செல்லும் வழியில், வால்டேர் நிலையத்தில் அவர் கைது செய்யப்பட்டார். மனைவி அம்ஜதி பேகமும் அப்பயணத்தில் இருந்தார். கணவர் பொலிஸாருடன் செல்ல, அவர் கலங்கித் திரும்பாமல் காந்தியடிகளுடன் சென்னைப் பயணத்தைத் தொடர்ந்தார்.

ஆங்கிலேயப் படையில் பணிபுரிவது முஸ்லிம்களுக்கு ஆகாது என்று கராச்சி கிலாபத் மாநாட்டில் நிறைவேறிய தீர்மானமே குற்றச்சாட்டு. கராச்சியின் காலிக்தினா மண்டபத்தில் நடந்த வழக்கில் உலமாக்களுடன் ஓர் இந்து சமயத் துறவியும் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர் விடுவிக்கப்பட்டார். முஹம்மத் அலிக்கு இரண்டு ஆண்டுகள் கடூழியச் சிறை கிடைத்தது. மகன்கள் சிறையில் இருக்க, முதிய பீ அம்மாவும் அம்ஜதி பேகமும் ஊர்களெங்கும் சென்று பேசினர், நிதி திரட்டினர்.

1923இல் விடுதலையாகி, அவ்வாண்டு இறுதியில் காக்கிநாடாவில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸின் தலைவரானார். அது வாழ்வின் உச்சம். அடுத்த ஆண்டு அதன் மறுபக்கத்தைக் காட்டியது. 1924 மார்ச் 3ஆம் திகதி துருக்கியின் தேசிய சபையே கிலாபத்தை ஒழித்துவிட்டது. எதற்காகப் பத்திரிகையையும் சுதந்திரத்தையும் இழந்தாரோ, அது வேறு யாராலும் அல்ல, துருக்கியராலேயே முடித்து வைக்கப்பட்டது. சிறையில் இருந்தபோது எவருக்காகக் கவிதை எழுதித் துஆ கேட்டாரோ, அந்த அன்பு மகள் ஆமினாவும் அவ்வாண்டிலேயே நோயால் மறைந்தார். நவம்பரில் பீ அம்மாவும் இறையடி சேர்ந்தார்.

இத்தனை துயரின் நடுவே அதே ஆண்டு கொம்ரேட்டை மீண்டும் வெளியிட்டார். அது 1926இன் ஆரம்பம் வரையே நீடித்தது. அவரது பேனா எதிரிகளை மட்டும் தாக்கவில்லை. சரியெனப் படாதபோது நண்பர்களையும் தாக்கியது. 1928இன் நேரு அறிக்கை முஸ்லிம்களின் உரிமையைக் காக்கவில்லை என்று கருதி காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்தார். காந்தியடிகளுடன் இருந்த நெருக்கமும் விலகியது. அவரது சினமும் சொல்லின் வேகமும் சில நட்புகளை அவசியமின்றி முறித்தன என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒளிவுமறைவின்றி எழுதியவரின் வாழ்வை ஒளிவுமறைவுடன் எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1930இல் நீரிழிவு நோயால் நலிந்திருந்த அவர், அம்ஜதி பேகத்துடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். சுதந்திரத்தைக் கையில் ஏந்தியே தாயகம் திரும்புவதாகவும், அதைத் தர முடியாவிட்டால் அந்நிய மண்ணிலேயே தமக்கு ஒரு கப்று தரும்படியும் மாநாட்டில் அறிவித்தார். 1931 ஜனவரி 4ஆம் திகதி லண்டனிலேயே அவரது உயிர் பிரிந்தது. அன்னாரின் ஜனாஸா பைத்துல் முகத்தஸுக்குக் கொண்டு செல்லப்பட்டு ஹரம் ஷரீப் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு அவர் தோற்றவராகத் தெரியலாம். கிலாபத் போயிற்று, இதழ்கள் நின்றன, அவர் கேட்ட சுதந்திரம் அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளின் பின்னரே வந்தது. ஆனால் எழுத்தாளனின் வெற்றியை அவன் கேட்டது கிடைத்ததா என்று மட்டும் அளக்க முடியுமா? அச்சம் ஆட்சி செய்த காலத்தில், அஞ்சாமலும் எழுதலாம் என்று ஒரு தலைமுறைக்கே அவர் காட்டினார். அவர் உருவாக்கத் துணை நின்ற ஜாமிஆ இன்று டில்லியில் பெரும் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

சகோதரிகளே, அந்தப் பேனாவுக்கு முதல் விலை கொடுத்தவர் முஹம்மத் அலி அல்லர். ராம்பூரில் ஒரு வீட்டின் உள்ளறையில், தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்த ஓர் உம்மாவே அதைக் கொடுத்தார். அவருக்குக் கிடைக்காத கல்வி அவரது மகனின் கையில் எழுத்தானது. அக்கல்வி இன்று நம் கைக்கே கிடைத்திருக்கிறது. அதை எதற்காகப் பயன்படுத்தப் போகிறோம் என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

அல்லாஹ் அன்னாரையும் அன்னாரின் தாயாரையும் பொருந்திக் கொள்வானாக. ஆமீன்.