நேரு கேட்டார், லக்மே பிறந்தது
புதுதில்லி: பாரீஸில் 1904-ல் பிரெஞ்சுத் தாய்க்குப் பிறந்த ஜே.ஆர்.டி. டாடா, 1938-ல் டாடா குழுமத் தலைவரானார். இறக்குமதி அழகுசாதனங்களுக்காக அன்னியச் செலாவணி கரைவதைக் கண்ட பிரதமர் நேரு, அவற்றை உள்நாட்டிலேயே தயாரிக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டதாகக் கூறுவர். 1952-ல் டாடா எண்ணெய் ஆலை நிறுவனத்தின் துணை நிறுவனமாக லக்மே தோன்றியது. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம் அது. 1883-ல் பாரீஸில் அரங்கேறிய இசை நாடகத்தின் பெயரும் அதுவே.

மறு ஆண்டே, அவர் வளர்த்த ஏர் இந்தியாவை நேரு அரசு நாட்டுடைமையாக்கியது. முகப்பூச்சுக்குத் தனியாரை நாடிய அரசு, விமானத்துக்கு அவர்களை நம்பவில்லை. மனம் வருந்தினாலும், 1978-ல் மொரார்ஜி அரசு நீக்கும்வரை டாடாவே அதன் தலைவராக நீடித்தார்.

1992-ல் பாரத ரத்னா பெற்ற அவர், 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். லக்மே 1998-ல், பன்னாட்டு யூனிலிவரின் இந்திய நிறுவனமான ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. ஏர் இந்தியாவோ 2022-ல் டாடா குழுமத்திடமே திரும்பியது.