செட்டு வேறு... கஞ்சத்தனம் வேறு! வடலூர் அடுப்பு சொல்லும் பாடம்

புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூர், தெற்கே பாகூர். வில்லியனூரில் கோகிலாம்பாளுடன் திருக்காமீசுவரரும், பாகூரில் மூலநாதரும் கோயில் கொண்டு அருள்கிறார்கள். ஏரியும் வயலுமாக விரிந்து கிடக்கும் பாகூருக்குப் புதுவையின் நெற்களஞ்சியம் என்றே பெயர். நெல் விளையும் ஊர்ப் பெண்களுக்கு அரிசியின் அருமை தெரியும். களத்தில் சிந்திய மணிகளைக்கூட விடாமல் கூட்டி, புடைத்துச் சேர்த்து வைப்பார்கள். அதே கைதான், பசி என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் முறம் நிறைய அள்ளியும் போடும். சிந்தியதைச் சேர்ப்பது சிக்கனம். சேர்த்தது கையிலிருந்தும் கதவைச் சாத்திக்கொள்வது கஞ்சத்தனம்!

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத் தன் வாழ்க்கையாலேயே வரைந்து காட்டிய மகான், அருட்பிரகாச வள்ளலார். பாகூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகச் சென்றால் அவருடைய வடலூர் வந்துவிடும்.

சிதம்பரத்துக்கு அருகே உள்ள மருதூரில், 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, ராமையாபிள்ளை - சின்னம்மை தம்பதிக்கு மகனாகப் பிறந்தார் ராமலிங்கம். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை காலமாகிவிட, குடும்பம் பிற்பாடு சென்னைக்கு வந்தது. மூத்த அண்ணன் சபாபதி, புராணப் பிரசங்கம் செய்து ஈட்டிய வருமானத்தில்தான் வீடே நடந்தது. தம்பியோ பள்ளிப் படிப்பில் மனம் செலுத்தாமல், கந்தகோட்டத்து முருகனே கதி என்று கிடந்தார். கோபம் கொண்ட அண்ணன், அவனுக்கு இந்த வீட்டில் சோறு போடக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார்.

அண்ணியார் பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக மைத்துனரை அழைத்து உணவிட்டார். தந்தையின் திதி நாளன்று ஊருக்கெல்லாம் இலை போட்டுவிட்டு, வீட்டுப்பிள்ளைக்கு மட்டும் ஒளித்து அன்னமிட வேண்டியிருக்கிறதே என்று அண்ணியார் கண் கலங்க, அந்தக் கண்ணீருக்காகவே ராமலிங்கம் வீடு திரும்பிப் படிக்கச் சம்மதித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அளந்து சமைக்கும் வீட்டிலும் இன்னொரு வயிற்றுக்கு இடம் உண்டு என்பதை அவருக்கு முதலில் காட்டியது, ஓர் இல்லத்தரசியின் கரண்டிதான்!

பின்னாளில் சென்னையை விட்டுத் தில்லைப் பக்கம் வந்த வள்ளலார், கருங்குழியில் சில ஆண்டுகள் தங்கினார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது மிகக் குறைவு. காவி உடுத்தவில்லை, உடலைப் போர்த்திய வெள்ளை ஆடைதான் அவர் கோலம். உணவும் மிகச் சொற்பம். அன்பர்களுக்கு அவர் சொன்ன ஆரோக்கிய முறைகளைப் பாருங்கள்... கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை! எல்லாம் வேலியோரத்தில் கிடைக்கிற மூலிகைகள்.

தமக்கு இவ்வளவு சுருக்கமாகச் செலவழித்த அதே மகான், பிறர் பசி என்று வந்தபோது எப்படி நடந்துகொண்டார் தெரியுமா? வடலூர் மக்களிடம் 80 காணி நிலத்தைத் தானமாகப் பெற்றார். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அன்று பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சுக்காரர் வசம். வடலூர் ஆங்கிலேயர் வசம். ஆனால், தருமச்சாலையில் எந்த ஊர், எந்த ஜாதி, எந்த மதம் என்ற கேள்வியே கிடையாது. பசி ஒன்றுதான் அங்கே அனுமதிச் சீட்டு!

ஒருமுறை சாலையில் அரிசி தீர்ந்துபோனதாம். நிர்வாகி வந்து கவலையோடு முறையிட்டார். இந்த இடத்தில்தான் ஒருவருடைய மனம் தெரியும். இன்றைக்கு வருகிறவர்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் நம்மில் பலரும் நினைப்போம். வள்ளலாரோ சற்றுநேரம் தியானத்தில் ஆழ்ந்து, நாளை எல்லாம் வந்து சேரும் என்று தைரியம் சொன்னார். மறுநாள் திருத்துறையூரிலிருந்து வண்டிகளில் அரிசி வந்து இறங்கியது என்று சன்மார்க்க அன்பர்கள் மெய்சிலிர்க்கச் சொல்கிறார்கள்.

அப்படியானால் கையில் இருப்பதையெல்லாம் வாரி இறைத்துவிட வேண்டியதுதானா? இல்லை என்கிறார் வள்ளலார். அவருடைய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில், குடும்பத் தலைவிகள் மனதில் பதிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு ஊராருக்கு உணவிடுவது இறைவனுக்குச் சம்மதம் இல்லை. அயலார் பசித்திருக்க, வீட்டார் மட்டும் உண்டு மகிழ்வதும் அவனுக்குச் சம்மதம் இல்லை. குடும்பச் செலவைக் கூடியவரை செட்டாக நடத்தி, அதில் மிஞ்சுவதைக்கொண்டு பசித்தவர் பசியைப் போக்க வேண்டும் என்பதே அவர் காட்டும் வழி. கல்யாணம், பிள்ளைப்பேறு போன்ற விசேஷங்களிலும் ஆடம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட ஏழைகளுக்கு அன்னமிடுவதே மேல் என்பது அவர் கருத்து.

செட்டு என்பது சேமிப்பதோடு முடிவதில்லை. சேமித்தது யாருக்குப் போகிறது என்பதில்தான் அது நிறைவு பெறுகிறது. பழைய புடவையைத் தைத்து உடுத்துகிற பெண், வீட்டுவேலை செய்யும் அம்மாளுக்குப் பேசிய சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுத்துவிட்டால், அவள் சிக்கனக்காரி. புதுப்புடவை உடுத்திக்கொண்டு, அந்த அம்மாள் வராத ஒரு நாளுக்குக் காசைப் பிடித்துக்கொண்டால், அது கஞ்சத்தனம். தன் தட்டைக் குறைத்துக்கொள்வது சிக்கனம். அடுத்தவர் தட்டைக் குறைப்பது கஞ்சத்தனம். இவ்வளவுதான் வித்தியாசம்!

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அருட்பெருஞ்ஜோதியில் கலந்தார் வள்ளலார். அதற்கு இரண்டே ஆண்டுகளில், 1876-ல் தாது வருஷத்துக் கொடும்பஞ்சம் தென்னாட்டையே உலுக்கியது. அதையும் கடந்து, 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. ஒற்றை ஆடையோடு வாழ்ந்தவர் ஏற்றிய நெருப்பு அது!

நாளைக் காலை உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக்கலத்தில் போட்டு வையுங்கள். உங்கள் வீட்டில் யார் வயிறும் அதனால் குறையாது. மாத முடிவில் அந்தக் கலம், பசித்த ஒரு குடும்பத்துக்குச் சில நாள் சாப்பாடாகும். வடலூர் அடுப்பின் ஒரு பொறி, அன்று முதல் உங்கள் சமையலறையிலும் சுடர்விடும்.