விசயநகரத்து இராசகுமாரரும் இரண்டு பட்டங்களும்

விளையாட்டு வீரர்க்கு உயர்ந்த விருதுகளை வழங்குமிடத்து, அவர்தம் ஆட்டத்திறனை மட்டும் நோக்குவதா, ஒழுக்கத்தையும் உடன் நிறுத்துப் பார்ப்பதா என்னும் வினா அவ்வப்போது எழுவதுண்டு. 2011இல் பாரத ரத்னா விருதின் விதி திருத்தப்பெற்று, விளையாட்டுத் துறையினர்க்கும் அக்கதவு திறந்தபோதும் இவ்வினா எழுந்தது. இதனை ஆராய்வார்க்கு விஸ்ஸி என்னும் செல்லப்பெயரால் அறியப்பட்ட விஜயானந்த கஜபதி ராஜுவின் வாழ்க்கையைப் போல் உதவும் வரலாறு பிறிதொன்று இல்லை எனலாம்.

அவர் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் விசயநகர அரச குடும்பத்தில் இரண்டாம் மகனாகப் பிறந்தார். துங்கபத்திரைக் கரையில் பேரரசு நடத்திய விசயநகரம் அன்று இது. விசாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள ஆந்திர நகரம். ஆஜ்மீரின் மேயோ கல்லூரியிலும் இங்கிலாந்தின் ஹெய்லிபரிப் பள்ளியிலும் பயின்றார். தமையனார் பட்டத்துக்கு வந்தபின் காசி நகரில் குடியேறினார். வேட்டையும் கிரிக்கெட்டுமே அவர் உள்ளம் கவர்ந்தவை. 1926இல் தமக்கென ஓர் அணியை அமைத்தார். 1930-31இல் அக்காலத்து உலகப் பெருவீரர்களான ஜாக் ஹாப்ஸையும் ஹெர்பர்ட் சட்கிளிஃபையும் வரவழைத்து, இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடச்செய்தார். முஷ்தாக் அலி என்னும் சிறுவனின் திறனைப் பள்ளிப் பருவத்திலேயே கண்டு ஆதரித்தவரும் அவரே. ஆடுதற்குரிய கைவன்மை அவரிடம் குறைவு. ஆட்டத்தின்பால் கொண்ட காதலோ மெய்யானது. இதனை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் புரவலர் என்னும் பெயர் அவருக்குப் போதவில்லை. இந்திய அணியின் தலைவராக வேண்டும் என்னும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. 1932இல் இங்கிலாந்து சென்ற அணியில் மூன்றாம் நிலைத் தலைவர் பதவி கிடைத்தும், உடல்நலங்காட்டி விலகிக்கொண்டார். 1936இல், மைதானத்தில் தலைமைக்குத் தகுதியாலே முந்தி நின்ற சி. கே. நாயுடுவைக் கடந்து, வாரியத்தின் வாக்கு விஸ்ஸிக்குச் சென்றது. செல்வமும் செல்வாக்கும் எவ்வளவு வேலை செய்தன என்பதை அக்காலத்தவர் அறிந்தே இருந்தனர்.

அப்பயணத்தில்தான் லாலா அமர்நாத்தின் கதை நிகழ்ந்தது. 1933 டிசம்பரில் பம்பாயில் 118 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்ட் ஆட்டத்தில் நூறு கண்ட முதல் இந்தியர் என்னும் புகழை எய்தியவர் அவர். இங்கிலாந்துப் பயணத்தில் 613 ஓட்டங்களும் 32 விக்கெட்டுகளும் எடுத்திருந்தார். லார்ட்ஸ் மைதானத்தில் மைனர் கவுண்டிகள் அணியோடு நடந்த ஆட்டத்தில், காலுறைகட்டி ஆடக் காத்திருந்த அவரை விடுத்துப் பிறரை முன்னே அனுப்பினார் தலைவர். இறுதியில் ஆடித் திரும்பிய அமர்நாத், உடைமாற்றும் அறையில் தம் கருவிகளை வீசியெறிந்து, பஞ்சாபி மொழியில் வசைபாடினார். வயது 24, நாவடக்கம் இல்லாதவர்தாம். ஆயினும் முதல் டெஸ்டுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஒழுங்கீனம் என்று கூறி அவரைக் கப்பலேற்றித் தாயகம் அனுப்பிவிட்டனர். அதே சூன் மாதத்தில், அரசரின் பிறந்தநாள் விருதுப் பட்டியலில் விஸ்ஸிக்குச் சர் பட்டம் கிட்டியது!

தலைவரின் ஆட்டமோ, மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து 33 ஓட்டங்கள். இரண்டில் தோல்வி. மான்செஸ்டரில் மட்டும் விஜய் மெர்ச்சன்டும் முஷ்தாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்து மானம் காத்தனர். மெர்ச்சன்டை ஓட்டத்தில் ஆட்டமிழக்கச் செய்யுமாறு முஷ்தாக்கிடம் தலைவரே சொன்னார் என்றொரு கதை அவ்வீரர்களிடையே வழங்கிற்று. நம் அண்டை மாவட்டமாகிய செங்கல்பட்டைச் சேர்ந்த மொரப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலனும் அவ்வணியில் சென்றவர். பெர்லின் ஒலிம்பிக்கின் ஹாக்கி அணியை விடுத்துக் கிரிக்கெட்டைத் தேர்ந்த அவர்க்கு, அப்பயணத்தில் ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. பெர்லின் சென்ற அணி தங்கம் வென்று திரும்பியது.

பின்னர், பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமான்ட் தலைமையில் விசாரணை நடைபெற்றது. 1937 சனவரியில் வந்த அறிக்கை, தலைமை ஏற்றவர் தம் கடமையில் தவறினார் என்றும், அமர்நாத் மீதான குற்றச்சாட்டு நிற்காது என்றும் கண்டது. அத்துடன் விஸ்ஸியின் டெஸ்ட் வாழ்வு முடிந்தது. பட்டம் மட்டும் முடியவில்லை. அதனை அவரே 1947 சூலையில் துறந்தார்.

மீண்டும் எழுந்தார் விஸ்ஸி. 1954 முதல் வாரியத் தலைவர். அக்காலத்தே தேர்வுக் குழுவின் தலைவராக அமர்ந்தவர் யாரெனின், அதே அமர்நாத்! 1956-57இல், அறுபதைக் கடந்த சி. கே. நாயுடுவை உத்தரப் பிரதேச அணிக்குத் தலைமையேற்க அழைத்தவரும் விஸ்ஸியே. பழைய பகையைப் பேணாத ஒரு பக்கம் அவர்க்கு இருந்தது என்பதற்கு இவை சான்று. 1958இல் பத்மபூஷண் விருது வந்தது. பின்னர் விசாகப்பட்டினத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றார். வானொலியிலும் ஆட்டத்தை வருணித்தார். 1965 டிசம்பர் 2ஆம் நாள் காசியில் காலமானார். பல்கலைக்கழக மாணவர் ஆட்டங்களுக்கான கோப்பையொன்று அவர் பெயரைத் தாங்கிற்று.

என் எண்ணத்தில், 1958இன் விருதைக் குறைகூற இயலாது. அது அவர்தம் அமைப்புப் பணிக்கு உரியது. 1936இன் தலைமைப் பதவியே பெருந்தவறு. திறனற்றவர்க்கு அளித்தது ஒரு தவறு; அப்பதவியால் பிறர் ஒழுக்கத்தை அளக்கும் கோலையும் அவர் கையில் தந்தது அதனினும் பெரிது. அமர்நாத்தின் சினம் அறைக்குள் பிறந்து அறைக்குள் அடங்கியது; தலைவரின் சிறுமையோ ஓர் அணியையே பிளந்தது. ஒழுங்கீனம் என்னும் சொல்லோ சினந்தவர் மேலேயே வீழ்ந்தது. 1949இலும் வாரியம் அதே குற்றத்தைச் சொல்லி அமர்நாத்தை விலக்கியது. சுதந்திர இந்திய அணியின் முதல் தலைவராக ஆஸ்திரேலியா சென்று வந்த இரண்டாண்டுகளுக்குள் அது நடந்தது.

அவருக்குப் பத்மபூஷண் 1991இல்தான் கிட்டியது. விஸ்ஸி பெற்று 33 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1994இல் நாயுடுவின் பெயரால் வாரியம் ஏற்படுத்திய வாழ்நாள் சாதனை விருதின் முதல் பெயராக அமர்நாத்தின் பெயரே எழுதப்பெற்றது.